வட்டாரம் என்றொரு கட்டம்

புதிய கணினி ஒன்றை முதன்முதலாக இயக்கும்போது அது கேட்கும் கேள்விகள் இயந்திரத்தைப் பற்றியவை அல்ல; நம்மைப் பற்றியவை. உன் மொழி எது? எந்த நாட்டில் இருக்கிறாய்? எந்த விசைப்பலகையில் எழுதுவாய்? உன் கடிகாரம் எந்த ஊருடையது? பெரும்பாலோர் இவற்றைப் படிப்பதில்லை. ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும் விடையை ஒப்புக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த விடையை நிரப்பியது யார், எப்போது, எதை ஆதாரமாகக் கொண்டு என்ற விசாரணை யாருக்கும் அவசியமாகப் படவில்லை.

நம் இலக்கியச் சூழலில் கணினியைப் பற்றி இரண்டே குரல்கள்தாம் கேட்கின்றன. ஒன்று, தமிழ் உலகெங்கும் பரவிவிட்டது என்ற கொண்டாட்டம். மற்றது, வாசிப்பு செத்துவிட்டது என்ற ஒப்பாரி. இரண்டுமே கணினியை வெளியிலிருந்து வந்த ஒரு சக்தியாக, வரமாகவோ சாபமாகவோ பார்ப்பவை. அதனுள்ளே தமிழைப் பற்றி எடுக்கப்பட்டிருக்கும் தீர்மானங்கள் எவை என்று பார்க்கும் சிரமத்தை இரண்டு தரப்பும் எடுத்துக்கொண்டதில்லை.

இந்தத் தீர்மானங்களின் தொகுப்பை ஆங்கிலத்தில் லொகேல் என்கிறார்கள். வட்டார அமைப்பு என்று நாம் சொல்லலாம். மொழி, எழுத்து, நாடு என்பவை அதன் தலைப்பு. அகரவரிசை, இலக்கம், நாணயம், தேதி, நேரம் ஆகியவை அதன் உள்ளடக்கம். உலக மொழிகள் பலவற்றுக்கும் இந்த விவரங்களைத் திரட்டி வைக்கும் பொதுத் தரவகம் ஒன்று 2004 முதல் யூனிகோடு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. நம் கைத்தொலைபேசி ஞாயிறு, திங்கள் என்று தமிழில் காட்டும்போது அந்தச் சொற்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

நான் சொல்ல வருவது, இந்தக் கேள்விகள் புதியவை அல்ல என்பதுதான். வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரையுள்ள முத்துக்குளித்துறைக் கரையில் இவை ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டன. அப்போது அவற்றுக்கு எப்படி விடை கிடைத்தது என்று பார்த்தால் இப்போதைய விடைகளின் சுபாவமும் புரியும்.

1

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, அந்த ஒலிகளை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று சொல்லிக்கொடுத்தார். அந்த நிலையில் மொழி வெறும் ஒலி. அதற்கு எழுத்து இன்னும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது என்ன எழுத்து என்ற கேள்வி எழுந்தது.

முதல் விடை லிஸ்பன் நகரத்தில் கிடைத்தது. 1554 பிப்ரவரியில் அங்கே அச்சான சிறு ஞானோபதேச நூலில் மொழி தமிழ், எழுத்து இலத்தீன். லிஸ்பன் அச்சுக்கூடத்தில் தமிழ் அச்செழுத்து இல்லை. கையில் இருந்ததை வைத்து அச்சிட்டார்கள். அதைத் தயாரிக்க உதவியவர்கள் மூவர்: விசென்தே தெ நசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தொமே த குரூஸ். போர்த்துகீசியப் பெயர்கள் தாங்கிய தமிழர்கள். அவர்கள் அதற்கு முன் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டார்கள் என்பதற்கு அந்த நூலில் இடமில்லை.

இன்று கைத்தொலைபேசியில் தமிழை இலத்தீன் எழுத்தில் தட்டுகிறவர்களைப் பார்த்து நம் தமிழாசிரியர்கள் பதறுகிறார்கள். அச்சில் வந்த முதல் தமிழே அப்படித்தான் வந்தது என்பதையும், இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. கையெட்டும் தூரத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதில் மொழி ஏறிக்கொள்கிறது. இதே கரையில் காயல்பட்டினத்திலும், வடக்கே கீழக்கரையிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து விரித்துக்கொண்டார்கள். அரபுத்தமிழ் என்ற பெயரில் ஒரு முழு எழுத்து மரபே அதிலிருந்து உருவாயிற்று. ஆக இந்தக் கரையில் தமிழ் மூன்று எழுத்துகளில் வாழ்ந்திருக்கிறது.

இணையத்தில் மொழிகளைக் குறிக்கும் குறியீடுகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டு இலத்தீன் எழுத்துகள். பக்கத்தில் ஒரு குறிப்பு: தமிழ் என்றால் எழுத்தைத் தனியே குறிப்பிட வேண்டியதில்லை, தமிழ் எழுத்து என்றே கொள்க. அரபுத்தமிழையும் இலத்தீன் தமிழையும் குறிப்பிட வழி இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்லாமல் விடலாம். இயல்புநிலை என்பது இதுதான்: சொல்லாமல் விட்டாலும் அதுவே என்று எடுத்துக்கொள்ளப்படுவது. இதில் அநியாயம் எதுவும் இல்லை. பெரும்பான்மையோரின் வழக்கம் அதுவே. ஆனாலும் இயல்புநிலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

2

1547 வாக்கில் இங்கு வந்த ஹென்ரிக்கஸ் பாதிரியார் (அண்டிரிக் அடிகள் என்று இங்கே அறியப்பட்டவர்) சவேரியார் செய்யாததைச் செய்தார். புன்னைக்காயலில் இருந்து தமிழை எழுதவும் பேசவும் முறையாகக் கற்றார். முந்தைய ஜெபமொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அந்த இலக்கணத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சட்டகம் ஜோவாவ் தெ பாரோஸ் 1540இல் எழுதிய போர்த்துகீசிய இலக்கணத்தினுடையது. அதன் வேரோ இலத்தீன் இலக்கணத்தில் இருக்கிறது. இலத்தீன் வேற்றுமைகளின் கட்டங்களில் தமிழை உட்காரவைத்தார். சில இடங்களில் பொருந்திற்று, சில இடங்களில் துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் அந்த அந்நியக் கட்டங்களுக்குள் அவர் போட்டுவைத்தது கரையில் அன்று உண்மையில் பேசப்பட்ட தமிழ். நம் பண்டிதர்கள் யாரும் குறித்துவைக்க நினைக்காத பேச்சு. 16ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழைத் தேடுகிறவன் இன்று அந்த இலக்கணத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. 16 பக்கம். இந்தியாவில் இந்திய எழுத்து ஒன்றில் அச்சான முதல் நூல். அச்சுக்கான செலவில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் பங்கேற்றார்கள். 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகள் திருப்தி தராததால் கொல்லத்தில் மறுபடி வார்த்தார்கள். அந்த எழுத்துகளில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. இது அச்சுக்கோத்தவர்களின் அறியாமை அல்ல. ஓலையில் எழுதியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஓலையின் குறை ஈயத்துக்கு வந்து சேர்ந்தது. காரணம் போன பிறகும் வழக்கம் தங்கிற்று. நெடில் கொம்பையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார். அவர் தமிழகத்தில் ஆரம்ப காலத்தில் இருந்த காமநாயக்கன்பட்டி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இப்போது 400 ஆண்டுகளைத் தாண்டி வருவோம். இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்ற 1988இல் இந்திய அரசு வகுத்த குறிமுறை எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டது. அந்த அட்டவணை தேவநாகரியின் வரிசையில் அமைந்தது. 1991இல் வந்த யூனிகோடு அதையே பின்பற்றிற்று. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்று நிரம்பியிருப்பவை 72. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவில் மூன்று இடம் காலி. வர்க்க எழுத்துகள் இருக்கவேண்டிய இடம். தமிழில் அவை இல்லை. டகரத்துக்குப் பின்னும், தகரத்துக்குப் பின்னும், பகரத்துக்குப் பின்னும் அப்படியே. ஆய்தத்துக்கு அங்கே இடப்பட்டிருக்கும் பெயர் விசர்க்கம். தொல்காப்பியர் சார்பெழுத்து என்று தனியே வைத்த ஒன்று, சம்ஸ்கிருத அட்டவணையில் அதே இடத்தில் இருக்கும் வேறொன்றின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பாரோஸின் கட்டத்தில் உட்கார்ந்த தமிழ் வேற்றுமைக்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை.

ஆனால் ஒரு பேதம் உண்டு, அது முக்கியமானது. யூனிகோடில் ஒருமுறை இடப்பட்ட எழுத்தை நகர்த்துவதில்லை, பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. உலகெங்கும் உள்ள ஆவணங்கள் குலைந்துபோகாமல் இருக்க அந்த விதி தேவை. புள்ளியில்லாத ஈய எழுத்தை உருக்கிப் புள்ளியுள்ள எழுத்து வார்க்க முடிந்தது. விசர்க்கத்தை இனி ஆய்தமாக்க முடியாது. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கலாம், எழுதியும் வைத்திருக்கிறார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று, கூடவே ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறிமுறையையும் அங்கீகரித்தது. உலகத் தளத்தில் நின்றது யூனிகோடு. அட்டவணை முடிவான காலத்தில் மேசையருகே நாம் போதிய அளவில் இல்லை. முடிந்த பிறகு மாநாடு கூட்டினோம்.

3

எழுத்துக்கு அடுத்தது வரிசை. தமிழின் எழுத்து வரிசை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவது. முப்பது எழுத்து என்று தொல்காப்பியம் தொடக்கத்திலேயே வரையறுக்கிறது. ஆனால் சொற்களை அந்த வரிசையில் அடுக்கும் வழக்கம் வெகுகாலம் நம்மிடம் இல்லை. நிகண்டுகள் பொருள்வகைப்படி, செய்யுளில் அமைந்தவை. 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்தை வைத்து அடுக்கிற்று. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி நிகண்டின் செய்யுளையே கைவிட்டு அகரவரிசையை நூலின் அமைப்பாக்கிற்று. மனப்பாடம் செய்யும் நூலிலிருந்து தேடிப்பார்க்கும் நூலுக்கு மாறிய இடம் இது.

கணினிக்கு வரிசை என்றால் முதலில் எண்தான். ஒவ்வொரு எழுத்தும் அட்டவணையில் எந்த எண்ணில் இருக்கிறதோ அதுவே அதன் இடம். அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. றகரம் ரகரத்தை அடுத்து. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். பனை, பரவர், பறை, பள்ளிவாசல், பழையகாயல் என்ற ஐந்து சொற்களை எண் வரிசையில் அடுக்கினால் இதோ இந்த ஒழுங்கில்தான் நிற்கும். தமிழ் அகராதியில் ஒழுங்கு வேறு: பரவர், பழையகாயல், பள்ளிவாசல், பறை, பனை. முதலில் நின்ற பனை கடைசிக்குப் போகிறது.

இங்கேதான் வட்டார அமைப்பு வேலை செய்கிறது. மொழி தமிழ் என்று தேர்ந்து, தமிழுக்குரிய வரிசை விதியைப் பின்பற்றும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால் கணினி எண்ணை விட்டுவிட்டு விதியைப் பார்க்கும். தொல்காப்பிய வரிசை வரும். க் முன்னும் க பின்னும் வரும். எழுத்தின் இடம் உறைந்துபோனது. ஆனால் வரிசை விதி தனியே வைக்கப்பட்டிருப்பதால் அது திருத்தத்துக்கு உட்பட்டது. தமிழ் தெரிந்த சிலர் உட்கார்ந்து விதியை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பல நூலகப் பட்டியல்களிலும் வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலும் பனை முன்னால் நிற்பதைப் பார்த்தால், அது தமிழால் முடியாததன் அறிகுறி அல்ல. இருக்கிற கட்டத்தை யாரும் தொடவில்லை என்பதன் அறிகுறி.

4

எண்ணுக்கு வருவோம். முத்துக்குளித்துறையின் வாழ்வே கணக்கு. கரைக்கு வந்த முத்துகளை அளவுபடி பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 துளை உள்ளதில் தொடங்கி 1000 துளை உள்ளது வரை. எதில் தங்குகிறதோ அது முத்தின் அளவு. பிறகு உருட்சியும் நிறமும் பார்த்து ஆணி, அனதாரி, மசங்கு, கலிப்பு, குறவல் என்று பெயர் சொன்னார்கள். எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும். இந்தக் கணக்குக்குப் பின்னங்கள் வேண்டும்: அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி. முந்திரி என்றால் 320இல் ஒன்று. அதற்கும் கீழே போக கீழ்முந்திரி.

இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் சேர்ந்தது 2019இல். பழைய அளவைக் குறிகளும் சேர்த்து மொத்தம் 51. அதற்கு முன்பே 2003இல் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகியவற்றின் பழைய குறிகள் இடம்பெற்றுவிட்டன. வங்கியில் பற்று வரவு எழுதிப் பழகிய எனக்கு ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு என்பதைக் கணினியின் அட்டவணையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தக் கணக்கேட்டிலும் அவை இல்லை. இதற்கு அந்நியரைக் குறைசொல்ல இடமில்லை. 20ஆம் நூற்றாண்டுக்குள் தமிழ் இலக்கங்களை நாமே கைவிட்டுவிட்டோம். தரவகமும் அதை நேர்மையாகப் பதிவு செய்கிறது: தமிழுக்கு இயல்பாக 1, 2, 3, கேட்டால் மட்டும் ௧, ௨, ௩. பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி உண்டு, சுழியம் இல்லை. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் அட்டவணையில் சேர்ந்தது. மரபு என்று நாம் சொல்வதில் எவ்வளவு சமீபத்தியது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் இலக்கம் மாறினாலும் எண்ணும் பழக்கம் மாறவில்லை. 1905இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆங்கில அறிக்கைகளில் அது 80 மில்லியன். காற்புள்ளி மூன்று மூன்று இலக்கத்துக்கு ஒன்று. நமக்கு 8,00,00,000. தமிழ் (இந்தியா) என்று தேர்ந்தால் கணினி லட்சம், கோடி என்று பிரிக்கிறது. தமிழ் (சிங்கப்பூர்), தமிழ் (மலேசியா) என்றால் மில்லியனாகப் பிரிக்கிறது. ஒரே மொழி, எண்ணுகிற மனம் வேறு. இது சரியான பதிவு. மொழியும் வட்டாரமும் வெவ்வேறு கட்டங்களாக இருப்பதன் நியாயம் இதில் தெரிகிறது.

தேதியில் அந்த நியாயம் தெரிவதில்லை. 03/04 என்பது ஏப்ரல் 3 என்பது நம் வழக்கம். அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. காசோலையின் ஆயுள் 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம். எந்த வட்டாரத்தின் கண்ணால் படிக்கிறோம் என்பதில் ஒரு மாதம் கூடும், குறையும். இது சில்லறை விவகாரம். பெரிய விவகாரம் நாள்காட்டி. இந்தக் கரையில் சலாபம் பங்குனி, சித்திரைக் கடலை நம்பியது. தெற்கத்தி ஆவணங்களில் கொல்லம் ஆண்டு உண்டு. காயல்பட்டினத்தில் ஹிஜ்ரி உண்டு. பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5இல் முடிகிறது. தம்பிரான் வணக்கம் அச்சான அக்டோபர் 20கூட இன்றைய நாள்காட்டியின் நாள் அல்ல. போப்பாண்டவர் நாள்காட்டியைத் திருத்தியது அதற்கு நான்காண்டு பின்னால், 1582இல். ஆனால் இன்று மொழி தமிழ் என்று தேர்ந்தால் கணினி ஜனவரி, பிப்ரவரி என்பதைத் தமிழ் எழுத்தில் தருகிறது. யூத, பாரசீக, எத்தியோப்பிய, ஜப்பானிய நாள்காட்டிகளும், இந்திய அரசின் சக ஆண்டும் பொதுத் தரவகத்தில் இருக்கின்றன. சித்திரையில் தொடங்கும் தமிழ் ஆண்டு இல்லை, கொல்லம் ஆண்டும் இல்லை.

நேரமும் அப்படித்தான். முத்துக் குளிக்கப் போன தோணிகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்டு விடியும்போது பாரை அடைந்தன. மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பின. காற்றுதான் கடிகாரம். 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் அமலுக்கு வந்தது. அதன்படி தூத்துக்குடியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஏறக்குறைய 17 நிமிடம் கழித்து. அதே 1906இல்தான் வ.உ.சி. இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டார். கப்பலைச் சுதேசியாக்க வேண்டும் என்று தோன்றிய ஆண்டில் கடிகாரம் அகில இந்தியமாகியிருந்தது. இரண்டும் ஒரே தேவையின் இரு பக்கங்கள்: ரயிலுக்கும் தந்திக்கும் கப்பலுக்கும் பொது நேரம் வேண்டும். உள்ளூர் நேரத்தை இழந்ததற்காக யாரும் அழவேண்டியதில்லை. இழந்தோம் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

5

கடைசிக் கட்டம் நாடு. முன்சொன்ன கொல்லத்து நூலின் போர்த்துகீசியத் தலைப்பு மொழியை மலவார் தமுல் என்று குறிக்கிறது. ஐரோப்பியர் கண்ணில் முதலில் பட்டது மலபார்க் கரை. அங்கே கேட்ட பெயரை இந்தக் கரையின் மொழிக்கும் நீட்டினார்கள், பக்கத்தில் தமிழ் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நெடுநாள் தமிழை மலபார் மொழி என்றே எழுதினார்கள். மொழியின் பெயரில் வட்டாரம் தவறாக ஒட்டிக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இது.

இரண்டாவது சந்தர்ப்பம் விண்டோஸ் 2000. அதில்தான் அந்த இயங்குதளம் தமிழை முதன்முதலாக ஏற்றது. லதா என்ற எழுத்துரு கூடவே வந்தது. தமிழுக்கு அங்கே ஒரே இடம். அதன் குறியீட்டில் பின்னொட்டு இந்தியா. மன்னாரில் இருக்கும் தமிழனும் அதைத்தான் தேர வேண்டும். தமிழ் (இலங்கை) பின்னால் வந்தது. இப்போது இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு தமிழ்கள் தரவகத்தில் இருக்கின்றன.

முத்துப் பார்கள் மன்னார் வளைகுடாவின் இரண்டு பக்கமும் உண்டு. இலங்கைச் சலாபத்துக்குத் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாளிகள் போனார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொற்கள், ஒரே சல்லடை. இன்று அந்தக் கடலின் நடுவே இரண்டு வட்டார அமைப்புகள். இதை வெறும் நிர்வாகம் என்று தள்ளிவிட முடியாது. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. கணினியில் அந்தத் தீவுக்கு ஒரே நேரம், அதன் பெயர் கொழும்பு. 2006 ஏப்ரலில் இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பிற்று. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அங்கே ஒரு தமிழனின் கடிகாரம் என்ன சொல்லிற்று என்பதை எந்தக் கட்டத்திலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இந்தியப் பக்கத்திலும் பெயர் நிலைத்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. டூட்டிகோரின் என்பதற்குப் பதில் தூத்துக்குடி என்று படிக்கும்படி நீண்ட எழுத்துக்கூட்டல். எழுந்த ஆட்சேபங்களால் அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. உலகத் துறைமுகப் பட்டியலில் இந்த ஊரின் குறியீடு இன்னும் பழைய ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துதான்.

6

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். சட்டகம் எப்போதும் வெளியிலிருந்து வந்திருக்கிறது: இலத்தீன் இலக்கணம், போர்த்துகீசிய அச்சு, தேவநாகரி அட்டவணை, அமெரிக்க இயங்குதளம். சட்டகம் அந்நியமானது என்பதாலேயே அதனுள் வந்த தமிழ் பொய்யாகிவிடவில்லை. ஹென்ரிக்கஸின் கட்டங்களுக்குள் மெய்யான பேச்சு இருக்கிறது. மெய்யானது உள்ளே போனதற்குக் காரணம், கட்டங்கள் நிரப்பப்பட்ட வேளையில் மொழியில் வாழ்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. லிஸ்பனில் மூவர், புன்னைக்காயலில் பெயர் தெரியாத பலர். அப்படி யாரும் உட்காராத இடங்களில் விசர்க்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுத்துகளின் இடம் இனி மாறாது. அதைப் பற்றிய புலம்பலை நிறுத்திவிடலாம். ஆனால் வரிசை, நாள்காட்டி, மாதப் பெயர், சொற்கள், எண்ணின் வாசகம் இவையெல்லாம் இன்னும் திறந்தே இருக்கின்றன. தரவகம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திருத்தங்களைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னவற்றின்மேல் வாக்களிப்பு நடக்கிறது. அங்கே கேட்கப்படுவது நிரல் எழுதும் திறமை அல்ல. ஒரு நாட்டை, ஒரு நாணயத்தை, ஒரு பொழுதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி. காலை 3 மணியா, அதிகாலை 3 மணியா, விடியற்காலை 3 மணியா? தோணி எந்தப் பொழுதில் புறப்படும் என்று தெரிந்தவனுக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கும். சொல்லைப் பற்றி அக்கறைகொண்டவன் என்று தன்னைக் கருதும் எழுத்தாளனுக்கு இதைவிட நேரடியான வேலை வேறில்லை.

நம் எழுத்தாளர்கள் இதைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டார்கள். பொறியாளர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஊதியமில்லாமல். செய்த வேலையில் குறை கண்டு சிரிப்பது சுலபம். 1578இல் பரவர்கள் தங்கள் மொழி தங்கள் எழுத்திலேயே அச்சில் வருவதற்காகத் தங்கள் பணத்தைக் கொடுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது சில மணிநேரமும், ஒரு சொல்லுக்காகப் பிடிவாதமாக வாதாடும் மனமும்தான்.